கையிலிருக்கும் காசு செல்லுமா?

இலண்டன் புறநகர் ஒன்றிலுள்ள பெற்றோல் நிலையத்தில் இரவுப் பணிபுரியும் எம்மவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். பல ஆண்டுகள் வழக்காடி வதிவிட உரிமை பெற்றவர். வேலையிற் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருநாள் நள்ளிரவு தாண்டிய வேளையில் பாரவூர்திச் சாரதி ஒருவர் நாற்பது பவுணுக்கு எரிபொருள் நிரப்பிவிட்டு, இரண்டு இருபது பவுண் தாள்களை நீட்டியிருக்கிறார். அத்தாள்களில் எலிசபெத் மகாராணியின் உருவமும் இல்லை. சார்ள்ஸ் மன்னரின் உருவமும் இல்லை. "கிளைட்ஸ்டேல் வங்கி" என்ற பெயர் மட்டும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. எரிபொருளோ வண்டிக்குள் போய்விட்டது. தாளை வாங்கி அது கள்ளத்தாளாக இருந்துவிட்டால் தமது சம்பளத்தில் முதலாளி கழித்துவிடுவாரோ என்ற பயம் ஒருபுறம். வாங்க மறுத்தால் காலையில் கணக்கில் நாற்பது பவுண் குறையுமே என்ற பயம் மறுபுறம்.

"அண்ணை, அந்தாளின்ரை முகத்தைப் பார்த்தால் ஏமாத்துற ஆள் மாதிரித் தெரியேல்லை. ஆனால் காசைப் பார்த்தால் நம்பேலாமல் கிடந்தது" என்று எம்மிடம் கூறினார் அந்த இளைஞர்.

இதைச் சொல்லும்போதே அவருக்கு வேறொரு நாளும் நினைவுக்கு வந்தது. இந்நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில், உறவினர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஐம்பது பவுண் தாளை எடுத்துக்கொண்டு பாணும் பாலும் வாங்கக் கடைக்குப் போனாராம். கடையில் இருந்த பெண்மணி தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மீண்டும் தாளைப் பார்த்தார். இறுதியில் "வேறு காசு இல்லையா?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாள் நல்ல தாள்தான். அதே தாளை அவ்வூரவர் ஒருவர் நீட்டியிருந்தால் அத்தனை நேரம் பார்த்திருப்பார்களா என்ற கேள்வி இவரது மனதில் இன்றும் இருக்கிறது.

பலர் கண்டிராத தாளையோ குற்றியையோ அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தும்போது எவருக்கும் சிறு சங்கடம் நேரலாம். அகதிக்கு அது சிறு சங்கடத்தோடு முடிவதில்லை. மொழி தெரியாத இடத்தில், பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும் நிலையில் உள்ளவருக்கு, செல்லும் காசைக் கையில் வைத்துக்கொண்டே குற்றவாளிபோல் நிற்கவேண்டி வருகிறது. ஆகவே இவ்விடயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, வழக்கம் என்ன சொல்கிறது என்பதை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

மூன்று கேள்விகள்

"இந்தக் காசு செல்லுமா?" என்று நாம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். உண்மையில் அதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. சட்டம் இதைக் காசு என்று ஏற்கிறதா? எதிரே நிற்கும் கடைக்காரர் இதை வாங்கச் சம்மதிக்கிறாரா? வெளியிட்ட வங்கி இதற்குரிய பெறுமதியைத் தருமா? இம்மூன்றுக்கும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கு "ஆம்" என்றும் இன்னொன்றுக்கு "இல்லை" என்றும் விடை வரும்போதுதான் குழப்பம் தோன்றுகிறது.

பெற்றோல் நிலையத்து இளைஞரின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஸ்கொட்லாந்தில் மூன்று வங்கிகளும், வட அயர்லாந்தில் மூன்று வங்கிகளும் தத்தமது பெயரில் நாணயத்தாள்களை வெளியிடுகின்றன. இவை பிரித்தானிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு வெளியிடப்படும் பவுண் தாள்கள். வெளியிடும் பெறுமதிக்கு ஈடாக அவ்வங்கிகள் சொத்து வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அந்த ஈட்டின் ஒரு பகுதி இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்தில், ஒரு மில்லியன் பவுண், நூறு மில்லியன் பவுண் எனப் பெறுமதி கொண்ட, எவர் கைக்கும் வராத விசேட தாள்களாக வைக்கப்பட்டுள்ளது. எனவே ஸ்கொட்லாந்துத் தாளின் பெறுமதியைப் பற்றிச் சந்தேகம் கொள்ளவேண்டியதில்லை.

ஆனால் "சட்டமுறை நாணயம்" என்று கேட்டால், ஸ்கொட்லாந்துத் தாள் இங்கிலாந்திலும் அவ்வகையைச் சேர்ந்ததன்று; ஸ்கொட்லாந்திலேயே அவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கிலாந்து வங்கியின் தாள்கூட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டுமே சட்டமுறை நாணயம். ஸ்கொட்லாந்து மக்கள் சட்டமுறை நாணயம் அல்லாத தாள்களைக் கொண்டே நாள்தோறும் சோறும் துணியும் வாங்கி வாழ்கின்றனர்!

இது எவ்வாறு இயலும்? சட்டமுறை நாணயம் என்பதற்குச் சட்டத்தில் உள்ள பொருள் மிகவும் குறுகியது. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டிருக்கிறார். அக்கடனைச் சட்டமுறை நாணயத்தில் முழுமையாகக் கொடுக்க முன்வருகிறார். அதன்பின் "கடனைத் தரவில்லை" என்று அவர்மீது வழக்குத் தொடுத்து வெல்ல முடியாது. இவ்வளவே அதன் பொருள். கடையில் பொருள் வாங்குவதற்கு முன் அங்கே கடன் எதுவும் இல்லை. எனவே கடைக்காரர் தாம் விரும்பிய காசை வாங்கலாம், விரும்பாததை மறுக்கலாம். ஐம்பது பவுண் தாளை மறுத்த பெண்மணி சட்டப்படி தவறு செய்யவில்லை. அட்டை மட்டுமே ஏற்போம் என்று எழுதி வைத்திருக்கும் கடைகளும் அவ்வாறே.

எரிபொருள் விடயம் சற்று வேறானது. நிரப்பியாயிற்று, கடன் தோன்றியாயிற்று. எனினும் ஸ்கொட்லாந்துத் தாள் சட்டமுறை நாணயம் அன்று என்பதால், அதை வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அங்கும் இல்லை. ஆனால் தாள் உண்மையானதாக இருப்பின் வாங்குவதில் நட்டமும் இல்லை. இலண்டன் வங்கிகள் அதனை முழுப் பெறுமதிக்குக் கணக்கில் வைப்பிலிட்டுக் கொள்கின்றன.

குற்றிகளுக்கும் இங்கே வரம்பு உண்டு. ஒரு பென்ஸ், இரண்டு பென்ஸ் குற்றிகள் 20 பென்ஸ் வரைக்கும், 5, 10 பென்ஸ் குற்றிகள் 5 பவுண் வரைக்கும், 20, 50 பென்ஸ் குற்றிகள் 10 பவுண் வரைக்குமே சட்டமுறை நாணயமாகும். உண்டியலை உடைத்துக் கிடைத்த செப்புக் காசுகளால் வாடகை கட்டலாம் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

ஒரு தாளுக்காகக் கைவிலங்கு

தன் நாட்டுத் தாளையே அறியாதவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு டொலர் தாள் 1862 ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. 1966 இல் நிறுத்தப்பட்டு 1976 இல் மீண்டும் வெளிவந்தது; இன்றும் அச்சிடப்படுகிறது. ஆனால் அது அரிது என்று எண்ணி மக்கள் பெட்டியிற் பூட்டி வைக்கிறார்கள். பூட்டி வைப்பதால் புழக்கத்திற் காணப்படுவதில்லை. காணப்படாததால் இன்னும் அரிதென எண்ணுகிறார்கள்.

2005 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகருக்கு அண்மையில் ஒருவர் கடையொன்றுக்குச் செலுத்தவேண்டிய பணத்தை 57 இரண்டு டொலர் தாள்களாகக் கொடுத்தார். தாள்களின் இலக்கங்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் மை சற்றுக் கலங்கியிருந்தது. கடையினர் பொலிஸாரை அழைத்தனர். அவருக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. பின்னர் நடுவண் அரசின் அதிகாரி ஒருவர் வந்து தாள்கள் அனைத்தும் உண்மையானவை என்று கூறிய பிறகே விடுவிக்கப்பட்டார். சொந்த நாட்டில், சொந்த மொழி பேசும் ஒருவருக்கே இந்நிலை எனில், எம்மவர் ஏன் அஞ்சமாட்டார்கள்?

அதே தாளைப் பெருமைக்குரிய வேலைக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1977 இல் தென் கரோலினா மாநிலத்துக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட இரசிகர்கள், அற்லான்ரா நகருக்குப் போட்டி பார்க்கச் சென்றபோது இரண்டு டொலர் தாள்களில் புலிப்பாத முத்திரை குத்தி எடுத்துச் சென்று, உணவுக்கும் விடுதிக்கும் அவற்றையே கொடுத்தார்கள். தமது அணியோடு இனி ஆடுவதில்லை என்றிருந்த ஜோர்ஜியா ரெக் அணிக்கு, எங்களால் உங்கள் நகரத்துக்கு எவ்வளவு வருமானம் என்று காட்டுவதே நோக்கம். வெறுமனே டொலர் செலவழித்திருந்தால் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். அரிய தாள் ஆதலால், அது எவரிடமிருந்து வந்தது என்பது நகரத்துக் கடைகளுக்கெல்லாம் தெரிந்தது.

ஐரோப்பாவில்

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர்க்கு ஆயிரம் பிராங் தாள் புதிதன்று. உலகில் புழக்கத்திலுள்ள பெரும் பெறுமதித் தாள்களில் அதுவும் ஒன்று. அந்நாட்டுச் சட்டம் தாள்களை வரம்பின்றி ஏற்கவேண்டும் என்கிறது. குற்றிகளாயின் ஒருமுறையில் 100 வரை ஏற்கவேண்டும். 1879 ஆம் ஆண்டின் பத்துச் சதக் குற்றிகூட இன்றும் அங்கு செல்லும்.

யூரோ நாடுகளில் ஒரே தடவையில் 50 குற்றிகளுக்கு மேல் வாங்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நாடுகள் விசேட நிகழ்வுகளுக்காக வெளியிடும் இரண்டு யூரோக் குற்றிகள் எல்லா யூரோ நாடுகளிலும் செல்லும். ஆனால் சேகரிப்போருக்கென ஒரு நாடு வெளியிடும் 5, 10 யூரோ வெள்ளிக் குற்றிகள் அந்த நாட்டில் மட்டுமே செல்லும். ஜேர்மனியில் பரிசாகக் கிடைத்த பத்து யூரோக் குற்றியைப் பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். 500 யூரோத் தாள் 2019 முதல் புதிதாக வெளியிடப்படுவதில்லை. எனினும் உள்ளவை செல்லும். பல கடைகளில் அதை வாங்குவதில்லை என்பது வேறு விடயம். வங்கியில் மாற்றிக்கொள்வதே வழி.

அலுமாரிக்குள் உறங்கும் தாள்கள்

எம்மவர் வீடுகளில் இன்னொரு வகை அரிய தாளும் இருக்கிறது. அது அரிதாக வெளியிடப்பட்டதன்று. நாம் மறந்து வைத்திருந்ததால் அரிதாகியது. சேலை மடிப்புக்குள், சாமிப்படத்தின் பின்னால், பழைய கடவுச்சீட்டின் உறைக்குள் அது இருக்கும். வங்கிக் கணக்குத் திறக்க இயலாத காலத்தில், காசைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணியவர்கள் நாம். ஊரில் ஓடவேண்டி வந்தபோது கையில் இருந்த காசுதான் கைகொடுத்தது என்ற அனுபவமும் எமக்கு உண்டு. ஆயினும் தாளுக்கும் ஆயுள் உண்டு என்பதை நாம் பலமுறை மறந்திருக்கிறோம்.

மூத்தவர்களுக்கு 1970 நினைவிருக்கும். நிதி அமைச்சராக இருந்த என். எம். பெரேரா ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவித்த காலம் அது. 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு இந்தியாவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களுக்கும் அதுவே நேர்ந்தது. கோயில் தரிசனத்துக்கும் கலியாணச் சேலைக்கும் சென்னை சென்று, மிஞ்சிய தாள்களை "அடுத்த முறைக்கு" என்று கொண்டுவந்து வைத்திருந்த புலம்பெயர்ந்தோர் பலர். வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்குப் பின்னர் சிறிது அவகாசம் கிடைத்தது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற எம்மவர்க்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

புகலிட நாடுகளின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜேர்மன் மார்க் இன்றும் அந்நாட்டு மத்திய வங்கியில் மாறும், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. காலவரையறை இல்லை. ஒல்லாந்தின் கில்டர் தாள்களுக்கு 2032 சனவரி 1 வரை அவகாசம் உண்டு. ஆனால் பிரெஞ்சு பிராங் தாள்களை மாற்றும் காலம் 2012 பெப்ரவரி 17 இல் முடிந்துவிட்டது. கியூரி தம்பதியர் படம் பொறித்த ஐந்நூறு பிராங் தாள் ஒருகாலத்தில் 76 யூரோவுக்கு மேல் பெறுமதியானது. இன்று அது படம் மட்டுமே. டென்மார்க்கில் ஆயிரம் குரோனர் தாளும், ஏனைய பழைய தாள்களும் 2025 மே 31 உடன் செல்லாதனவாகின. சுவிற்சர்லாந்தில் முன்னர் மீளப்பெற்ற தாள்களை இருபது ஆண்டுகளுக்குள் மாற்றவேண்டும் என்றிருந்தது; 2020 சனவரி 1 முதல் அந்த எல்லை நீக்கப்பட்டு, 1976 இல் தொடங்கிய வரிசையிலிருந்து எல்லாத் தாள்களையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்றாயிற்று.

கனடாவில் ஒரு டொலர், இரண்டு டொலர், ஆயிரம் டொலர் தாள்களும், 1935 இன் இருபத்தைந்து, ஐந்நூறு டொலர் தாள்களும் 2021 சனவரி 1 முதல் சட்டமுறை நாணயம் என்ற நிலையை இழந்தன. முதன்முதலில் ரொறன்ரோ வந்திறங்கியபோது கிடைத்த இரண்டு டொலர் தாளை நினைவாக வைத்திருப்போர் உளர். கடையில் அது செல்லாது. ஆனால் கனடிய மத்திய வங்கி முழுப் பெறுமதியையும் தரும். பிரித்தானியாவில் இருபது, ஐம்பது பவுண் கடதாசித் தாள்கள் 2022 செப்ரெம்பர் 30 உடன் மீளப்பெறப்பட்டன. அவற்றையும் இங்கிலாந்து வங்கி காலவரையறையின்றி மாற்றிக் கொடுக்கிறது. மாற்றச் செல்வோர் அடையாள ஆவணம் கொண்டு செல்லவேண்டும். ஆவணமில்லாத காலத்தில் சேர்த்த காசை மாற்ற ஆவணம் கேட்கிறார்களே என்று எண்ணிப் பலர் தயங்குகிறார்கள். ஆவணம் கிடைத்த பின்னரும் அத்தயக்கத்தைத் தொடர்வதில் பயனில்லை.

அகதிக்கென ஒரு காசு

இவை எல்லாவற்றிலும் விசித்திரமான தாளைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 2000 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் தஞ்சம் கோரியோருக்கு உதவிப்பணம் பெரும்பாலும் காசாக வழங்கப்படவில்லை, வவுச்சராக வழங்கப்பட்டது. வாரத்துக்குப் பத்துப் பவுண் மட்டுமே காசாக மாற்றலாம். மீதியைக் குறித்த சில கடைகளில்தான் கொடுக்கவேண்டும். ஐந்து பவுண் வவுச்சருக்கு நாலு பவுண் எண்பது பென்சுக்குப் பொருள் வாங்கினால் மிச்சம் இருபது பென்ஸ் கடைக்கே சொந்தம், மாற்றுக்காசு கொடுப்பதில்லை. வரிசையில் நிற்கும் அனைவரும் பார்த்திருக்க, பிள்ளைக்கு ஒரு இனிப்பை எடுத்து, கூட்டிப் பார்த்து, மீண்டும் திருப்பி வைத்த தாய்மார் எத்தனை பேர்! அந்தத் தாளில் பெறுமதியோடு "இவர் அகதி" என்ற செய்தியும் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. பலத்த எதிர்ப்பின் பின் 2002 இல் அம்முறை கைவிடப்பட்டது.

ஆனால் அந்த எண்ணம் கைவிடப்படவில்லை. பிரித்தானியாவில் இன்று தஞ்சம் கோருவோர் அட்டை கொண்டே உதவிப்பணத்தைப் பெறுகின்றனர். ஜேர்மனியில் 2024 இல் இதற்கெனச் சட்டம் செய்யப்பட்டு, பல மாநிலங்களில் கொடுப்பனவு அட்டை வந்திருக்கிறது. மாதத்துக்கு 50 யூரோ மட்டுமே காசாக எடுக்கலாம் என்பது பல இடங்களிலும் உள்ள வரம்பு. சந்தையில் மலிவாக மரக்கறி வாங்கவும், பிள்ளைக்குப் பாடசாலையில் சிறுதொகை கொடுத்துவிடவும் காசு வேண்டும் என்பது சட்டம் இயற்றுவோருக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் கையில் உள்ள அதே காசு எமது கையிலும் இருப்பது சிறிய விடயமன்று என்பதை வவுச்சர் காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

செய்யவேண்டியவை

வீட்டில் உள்ள பழைய தாள்களை இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள். மாற்றக்கூடியவற்றைக் காலம் தாழ்த்தாது மாற்றுங்கள். புதிய நாட்டுக்கு வரும் உறவினருக்குக் காசு கொடுக்கும்போது ஐம்பது பவுண், இருநூறு யூரோ எனப் பெருந்தாளாகக் கொடாது, ஐந்தும் பத்துமாகக் கொடுங்கள். கடையில் உங்கள் தாளை மறுத்தால் வாதாடவேண்டாம். தாளை அமைதியாகத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வங்கிக்குச் செல்லுங்கள். மறுப்பது கடைக்காரரின் உரிமை. அது உங்கள்மீதான குற்றச்சாட்டன்று. ஆனால் கையிலுள்ளது கள்ளத்தாள் என்று ஐயம் ஏற்பட்டால் அதை இன்னொருவரிடம் தள்ளிவிட முயலவே கூடாது. அறியாமல் பெற்றது குற்றமன்று. அறிந்தபின் கொடுப்பது கடுங்குற்றம். தஞ்ச வழக்கு நடக்கும் வேளையில் அவ்வாறான ஒரு வழக்கும் சேர்ந்தால் இருபது பவுணுக்காக எதிர்காலத்தையே இழக்க நேரிடும்.

கடை நடத்தும் எம்மவர்க்கும் ஒரு சொல். உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இத்தாள்களைக் காட்டிக் கொடுங்கள். தெரியாமல் வாங்கிய தாளுக்கு அவர்கள் சம்பளத்தைக் கழிப்பதைவிட, தெரிவிப்பது எளிது.

பெற்றோல் நிலையத்து இளைஞர் அன்றிரவு அனுபவமுள்ள நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியிற் பேசிக் கேட்ட பின்னர் தாள்களை வாங்கிக்கொண்டார். சாரதி பொறுமையாக நின்று, ஸ்கொட்லாந்துக்கு வெளியே தமக்கு இது வழமைதான் என்று சிரித்தாராம். காலையில் முதலாளி ஒன்றும் சொல்லாமல் அத்தாள்களை ஏனையவற்றோடு சேர்த்து வங்கிக்கு எடுத்துச் சென்றார். இப்போது அந்த நிலையத்தில் கல்லாப்பெட்டியின் அருகே ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்துத் தாள்களின் படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. ஒட்டியவர் அவ்விளைஞரே. அடுத்து வேலைக்கு வந்திருக்கும் வவுனியாப் பையனுக்கு அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்ததாகவும் எம்மிடம் கூறினார்.